குடைப் படத்தின் கடைசிப் பத்து நிமிடம்

ஏழு படங்களின் பெயரை எழுதி அனுப்பி, "இதில் ஒன்றை மட்டும் டிக் அடித்துக் கொடுங்கள் மேடம்" என்று கேட்டிருக்கிறீர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீங்கள் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் அந்த நான்கு திரைகளில், முதல் குழந்தைகள் காட்சிக்கு எதைப் போடலாம் என்பது கேள்வி. ஏழும் கம்ப்யூட்டரில் செய்த படங்கள். ஏழையும் நான் ஓட்டியிருக்கிறேன். கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேனே தவிர, டிக் விழவில்லை.

செங்கல்பட்டில் ஒரு பழைய தியேட்டரில் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, முப்பத்தோரு வருஷம் கழித்து மேனேஜர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தவள் நான். பெரிய நட்சத்திரங்களின் படம் என்றால் எனக்குக் குழப்பமே கிடையாது. எத்தனை காட்சி, எத்தனை நாள் என்று போஸ்டரைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இந்தப் பொடிசுகள் படத்தில்தான் புத்தி தடுமாறும். கூட்டி வருகிறவருக்கு ஒன்று பிடிக்கும், வருகிற பிள்ளைக்கு ஒன்று பிடிக்கும், நமக்கு ஒன்று பிடித்துத் தொலையும். மூன்றும் ஒன்றாக இருந்ததை நான் பார்த்ததில்லை.

அதனால் டிக் அடிப்பதற்குப் பதிலாக, நான் திணறிய கதையைச் சொல்கிறேன். பாடம் எது என்று என்னைக் கேட்காதீர்கள்.

எங்கள் தியேட்டரில் இந்தப் படங்களின் இங்கிலீஷ் பெயரை யாரும் சொல்வதில்லை. பெட்டி வந்து இறங்கிய அன்றே ஒரு வீட்டுப்பெயர் வைத்துவிடுவோம். கரையைத் தேடி வரும் ஒரு தாய் ஆமையின் கதை, ஆமைப் படம். சாலை போடும் ரோலர் ஒன்று காட்டுக்குள் வழி தவறிப் போவது, ரோலர் படம். ஒரு சின்னப் பாப்பா பஸ்ஸில் மறந்துவிட்டுப் போன குடை ஒன்று தன் வீட்டைத் தேடி ஊர் ஊராக அலைவது, குடைப் படம்.

முதலில் நான் வாங்கிய அடி. ஆமைப் படத்தைப் போட்டுப் பார்த்த அன்று, காலியான ஹாலில் தனியாக உட்கார்ந்து அழுதேன். அந்தத் தாய் ஆமை பட்டப்பகலில் மணலில் முட்டையிட்டு, அந்த முட்டைகளுக்குப் பக்கத்திலேயே கண்ணீரோடு காவல் இருக்கும். எனக்கு நெஞ்சே வெடித்துவிட்டது. மே மாத விடுமுறைக்கு இதுதான் என்று முடிவு கட்டினேன். முதல் நாளே திருவிடந்தைப் பக்கத்து மீனவர் குப்பத்திலிருந்து ஒரு வேன் நிறையப் பிள்ளைகள் வந்தார்கள். அழ வேண்டிய இடத்தில் ஒரு பெண் குழந்தை எழுந்து நின்று கத்தினாள்.

"இன்னா ஆன்ட்டி இது? மட்ட மத்தியானத்துல ஆமை முட்டை போடுமா? அதுவும் போட்டுட்டு அங்கயே குந்திகினு கீது! எங்க ஊரு ஆமையெல்லாம் போட்டுட்டு போய்க்கினே இருக்கும்!"

அந்த வரிசை சிரித்தது. அப்புறம் ஹாலே சிரித்தது. ஒரு வாரத்தில் படத்தைத் தூக்கினேன். நம் கண்ணீரை நம்பிப் படம் போடக்கூடாது என்று அன்று எனக்கு நானே சத்தியம் செய்தேன். அந்தச் சத்தியம் சரிதானா என்பதில் இப்போது சந்தேகம் வந்துவிட்டது.

மறைமலைநகரில் காருக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலை, வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தியேட்டரை மொத்தமாக எடுத்துக்கொள்ளும். தொழிலாளர்கள் பிள்ளைகுட்டியோடு வருவார்கள். எந்தப் படம் என்பதைத் தொழிலாளர் கமிட்டி சொல்லும். அதன் செயலாளர் முனுசாமி நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் நீளம். ஒரு வருஷம் அவருக்கு ஜனநாயகம் பொங்கிவிட்டது. படத்தைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும், ஓட்டுப் பெட்டி வைக்கிறேன் என்றார். எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் பெட்டியை எங்கே வைத்தார் தெரியுமா? கம்பெனி பஸ்களில்! கம்பெனி பஸ்ஸில் பிள்ளைகளா வேலைக்குப் போகிறார்கள்?

முடிவு வந்தது. எல்லா ரூட் பஸ்ஸிலும் ஆமை. நான் ஒரு வாரத்தில் தூக்கிய அதே ஆமை. எனக்குத் தலை சுற்றியது.

"அது ஓடாத படமாச்சே முனுசாமி. எப்படி இவ்வளவு ஓட்டு?"

அவர் தலையைச் சொறிந்தார். "அதுல சத்தம் கம்மி மேடம். ரோலர்னா டமால் டுமீல்னு கீது. நம்மாளுங்க நைட் ஷிப்ட் முட்ச்சிட்டு நேரா இங்கதான் வரானுங்க. ஏசில ரெண்டு மணி நேரம் கண்ணசரலாம்னு பாக்கறானுங்க."

"அப்போ பசங்க?"

"பசங்களா? நீங்க வெள்ளைத் துணிய மட்டும் காட்டுனாலும் குந்திகினு பாக்கும்."

சிரித்துவிட்டேன். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. கமிட்டிக் கடிதத்தில் ஆமை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அது பிள்ளைகளின் ஓட்டு இல்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று ஓட்டுக்கு விட்ட ஆமை, ரோலர், குடை மூன்றுக்கும் விநியோகஸ்தரிடம் அனுமதி வாங்கி வைத்தேன். எப்படி வாங்கினேன் என்பது உங்களுக்கும் தெரிந்த வேலைதான், விட்டுவிடுகிறேன்.

சனிக்கிழமை மத்தியானம் ஒருவர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி என் அறை வாசலில் நின்றார். டேவிட் என்று பெயர் சொன்னார். அதே தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் தொழிலாளி.

"நாளைக்கு இன்னா படம் மேடம்?"

"ஆமை."

முகம் தொங்கிவிட்டது. "குடை போட மாட்டீங்களா? நான் குடைக்குத்தான் சீட்டு போட்டேன்."

குடைக்கு விழுந்தது ஒரே ஒரு சீட்டு. அது இவருடையது என்று அப்போதுதான் தெரிந்தது. அவருடைய மகள் ஸ்டெல்லா மூன்றாம் வகுப்பு. அப்பாவின் போனில், விரிசல் விட்ட கண்ணாடியில், தினமும் குடைப் படத்தைப் பார்த்துத்தான் சாப்பிடுவாளாம்.

"ஒரு நாளு பெரிய ஸ்கிரீன்ல காட்றேன்னு வாக்கு குடுத்துட்டேன் மேடம். போன வருசம் எங்களையெல்லாம் இதுல சேத்துக்கல. இந்த வருசம்தான் கான்ட்ராக்ட் ஆளுங்களும் வரலாம்னாங்க. அடுத்த மாசத்தோட எனக்கு வேலை முடியுது. அப்புறம் நம்மள யாரு கூப்புடப் போறாங்க?"

"வேற எங்கேயாவது ஓடும்போது கூட்டிட்டுப் போங்களேன் தம்பி."

"அது எங்க மேடம் இப்ப ஓடுது?"

அவர் சொன்னது சரி. அந்த மாதிரிப் பழைய படம், இப்படி யாராவது மொத்தமாக ஹால் எடுத்தால்தான் திரைக்கு வரும். "பார்க்கலாம்" என்றேன். நம் தொழிலில் பார்க்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம். அவருக்கும் அது புரிந்திருக்க வேண்டும். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை ஹால் நிரம்பி வழிந்தது. அப்பாக்கள் உட்கார்ந்ததுமே சாய்ந்துகொண்டார்கள். பிள்ளைகளின் கூச்சலில் கூரை பறந்தது. எனக்கு ஒரு யோசனை தோன்றியது. ஓட்டைத்தான் கோட்டைவிட்டார்கள், நேரிலேயே கேட்டுவிடுவோமே என்று மைக்கை எடுத்துக்கொண்டு திரைக்கு முன்னால் போய் நின்றேன்.

"ஆமைப் படம் யாருக்கு வேணும்?" எல்லாக் கையும் உயர்ந்தது. "ரோலர்?" எல்லாக் கையும். சிலர் இரண்டு கையையும் தூக்கினார்கள். "குடை?" அதற்கும் எல்லாக் கையும்.

எனக்கு வியர்த்துவிட்டது. கையில் மைக், பின்னால் காலித் திரை, மேலே ஆபரேட்டர் எதைப் போடுவது என்று தெரியாமல் கண்ணாடி வழியாக எட்டிப் பார்க்கிறான். முனுசாமி பக்கத்தில் வந்து, "இன்னா மேடம் பேஜாரு பண்றீங்க, லெட்டர்ல ஆமைன்னு கீது" என்று காதைக் கடிக்கிறார். எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடியும் மூன்றையும் கேட்டேன். அப்போதுதான் கவனித்தேன். முன்வரிசையில் ஒரு சிறுமி ஆமைக்கும் ரோலருக்கும் கையை மடியிலேயே வைத்திருந்தாள். குடை என்றதும் எழுந்து நின்றே கையைத் தூக்கினாள். பக்கத்தில் டேவிட்.

அத்தனை பேரில் தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான் என்று எனக்குப் பட்டது. மேலே பார்த்து, "குடை" என்றேன். முனுசாமி கத்தினார். பழியை என் மேல் போடச் சொல்லிவிட்டு ஓரக் கதவுக்குப் போய்விட்டேன்.

படம் ஓடியது. நான் திரையைப் பார்க்கவில்லை, ஸ்டெல்லாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குடை பேசுவதற்கு முன்னாலேயே அவள் பேசிவிடுவாள். அது சாக்கடையில் விழும் முன்பே கண்ணை மூடிக்கொள்வாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இவ்வளவு வருஷத்தில் சரியான படத்தைச் சரியான ஆளுக்குப் போட்டது இன்றுதான் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பெருமையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

கடைசியில் அந்தக் குடை, கொட்டுகிற மழையில் தன் பழைய வீட்டு வாசலுக்கு வந்து சேரும். கதவு திறக்கும். எங்களுக்கு அதுதான் சிக்னல். திரையில் அந்தக் கதவு திறந்ததும் நாங்கள் போய் இங்கே வெளிக்கதவுகளைத் திறக்க வேண்டும், விளக்குப் போட வேண்டும், வண்டிகளை ஒழுங்கு செய்ய வேண்டும். எந்தப் படமாக இருந்தாலும் கடைசிப் பத்து நிமிடம் எங்களுக்குக் கிடையாது. குடைப் படத்தை எத்தனையோ தடவை ஓட்டியிருக்கிறேன், கதவு திறந்த பிறகு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதே எனக்கு அன்றுவரை உறைக்கவில்லை.

அன்றும் கதவு திறந்தது. நான் ஓரக் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தேன். ஸ்டெல்லா குதித்து எழுந்தாள்.

"அவ்ளோதான்! முட்ஞ்சிச்சு! குடை வூட்டுக்கு வந்துடுச்சு!"

கை தட்டிக்கொண்டே என்னிடம் ஓடி வந்தாள். படம் முடியவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். திரையில் யாரோ ஒரு பெரிய பெண் வாசலில் நின்றாள்.

"இது யாரு? பாப்பா எங்க?"

"தெரியலம்மா" என்றேன். பொய் இல்லை, நிஜமாகவே தெரியாது.

இரண்டு நிமிடம் பார்த்தாள். முகம் மெல்ல மெல்ல மாறியது. "வேணாம்" என்று கத்திவிட்டு, நான் திறந்த கதவு வழியாகவே வெளியே ஓடினாள். டேவிட் பின்னாலேயே ஓடி வந்தார்.

"என் போன்ல இதெல்லாம் கெடையாதே மேடம். கதவு தொறக்கும், அதோட நின்னுடும். டவுன்லோடு அங்கயே அறுந்துபோய் கீது போல. நானும் அதான் முடிவுன்னு நெனச்சிகினு இருந்தேன்."

ஸ்டெல்லா பாப்கார்ன் கவுன்டருக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்று அழுதாள். "இது வேற படம். இது என் படம் இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அதற்குள் படம் முடிந்து ஜனம் வெளியே வந்தது. எல்லாப் பிள்ளைகளும் குடை, குடை என்று ஆடிக்கொண்டு வந்தார்கள். தூங்க வந்த அப்பாக்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தார்கள். முனுசாமி என் கையைப் பிடித்து, "கடைசில இப்படி அழ வுட்டுட்டீங்களே மேடம், அடுத்த வருசமும் நீங்களே செலெக்ட் பண்ணுங்க" என்றார். யாருக்காக அந்தப் படத்தைப் போட்டேனோ, அவள் ஒருத்திதான் தன் படத்தைத் தொலைத்துவிட்டு நின்றாள்.

கம்பெனி பஸ்கள் ஹாரன் அடித்தன. இரண்டு மணிக் காட்சிக்கு ஹாலைப் பெருக்க ஆட்கள் துடைப்பத்தோடு காத்திருந்தார்கள். எனக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. அவளை அப்படியே அனுப்பவும் முடியவில்லை. ஆபரேட்டருக்குப் போன் போட்டு, கதவு திறக்கும் இடத்திலிருந்து மறுபடியும் ஓட்டச் சொன்னேன்.

"டைம் எங்க கீது அக்கா?"

"ஓட்டுடா."

காலி ஹாலில் மூன்று பேர் உட்கார்ந்தோம், எனக்கும் டேவிட்டுக்கும் நடுவில் ஸ்டெல்லா. படம் தொடங்கியதும் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னா ஆச்சு, சொல்லுங்க."

"கதவு திறந்திருக்கு. ஒரு அக்கா நிக்கிறா."

"பாப்பா?"

"அந்தப் பாப்பாதான் வளந்துட்டா போல இருக்கு."

"குடைய அடையாளம் தெரியுதா?"

"இரு, பாக்கறேன்." திரையை நோக்கிச் சாய்ந்தேன். "தெரிஞ்சிடுச்சு. எடுத்துக் கட்டிப் பிடிச்சிக்கிறா."

அவள் பெருமூச்சு விட்டாள், கையை மட்டும் எடுக்கவில்லை. திரையில் அந்தப் பெண் குடையை விரித்துப் பார்த்தாள், மடித்தாள். தெருவில் ஒரு குழந்தை நனைந்துகொண்டு பஸ்ஸுக்காக நிற்பதைப் பார்த்தாள். இறங்கிப் போனாள். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"சொல்லுங்க ஆன்ட்டி. வூட்டுக்குள்ள எத்துகினு போயிட்டாங்களா?"

டேவிட் மகளின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினார். சொல்லியிருக்கலாம். கண் மூடியிருக்கிற குழந்தை. அவளுடைய படம் அவளுக்குத் திரும்பக் கிடைத்திருக்கும்.

"இல்லம்மா. நனையற ஒரு பாப்பாக்குக் குடுத்துட்டா."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. உண்மை பேசுகிற உத்தமி ஒன்றும் இல்லை நான். டிக்கெட் தீர்ந்துவிட்டது என்று எத்தனையோ பேரிடம் பொய் சொன்னவள். ஸ்டெல்லா கையை எடுத்தாள். குடை ஒரு சின்னத் தோளின் மேல் தெருக்கோடிக்குப் போய் மறைவதை, கண் இமைக்காமல் பார்த்தாள். அழவில்லை. நான்தான் அழுதேன். ஆமைப் படத்துக்கு அழுத மாதிரி இல்லை, வேறு மாதிரி.

"நல்லா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"தெரியல" என்றாள்.

டேவிட் என் முகத்தைப் பார்க்கவில்லை. "வரோம் மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

அந்த வருஷம் முழுவதும் எனக்கு அதே எண்ணம்தான். அவளுடைய படம் எது, போனில் அறுந்த படமா, நான் போட்ட முழுப் படமா? அறுந்ததில் குடை வீட்டுக்கு வந்துவிட்டதே, அது போதாதா? முழுசாக எடுத்தவர்கள் என்ன பெரிதாகக் கொடுத்துவிட்டார்கள்? ஒரு நாள் முழுப் படம்தான் நியாயம் என்று தோன்றும். மறுநாள் பல் தேய்க்கும்போதே, அடிப்பாவி, ஒரு குழந்தையிடம் பொய் சொல்லத் தெரியவில்லையே உனக்கு என்று என்னையே திட்டிக்கொள்வேன். கவுன்டர் பெண்ணைக் கேட்டேன், ஆபரேட்டரைக் கேட்டேன், சர்ச்சில் பக்கத்தில் உட்காருகிறவரைக்கூடக் கேட்டேன். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எல்லாருமே சரியாகத்தான் சொன்னார்கள்.

அடுத்த வருஷமும் கம்பெனி எங்கள் தியேட்டரை எடுத்தது. பிள்ளைகளிடமே கேட்டு, ரோலர் என்று முடிவானது. நான் முனுசாமியிடம் டேவிட்டின் நம்பரை வாங்கிப் போன் செய்தேன். அவர் அப்போது முட்டுக்காடு படகுத்துறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். மகளோடு வரவேண்டும், என் விருந்தாளிகளாக வரவேண்டும் என்று வற்புறுத்தினேன். காரணம் சொல்லவில்லை. ரோலர் படம் முடிந்து கூட்டம் போனதும், ஸ்டெல்லாவுக்கு மட்டும் குடைப் படம். கதவு திறக்கிற இடத்தில் சட்டென்று நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் ஒரு நொடி ஓடினாலும் உன் தோலை உரித்துவிடுவேன் என்று ஆபரேட்டரிடம் சொல்லி வைத்திருந்தேன். அவளுடைய படத்தை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிடுவதாக எனக்கு எண்ணம்.

ரோலர் படம் முடிந்து அவள் வெளியே வந்தாள். ஒரு வருஷத்தில் நன்றாக வளர்ந்திருந்தாள், முன்பல் இரண்டு புதிதாக முளைத்திருந்தது. நான் குனிந்து ரகசியமாகச் சொன்னேன். "உனக்காகக் குடைப் படம் போடப் போறேன். கதவு திறந்ததும் நிறுத்திடுவேன். உங்கப்பா போன்ல இருந்த மாதிரியே."

"குடையா?" அவள் அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பெரியவர்களைப் புண்படுத்தக்கூடாது என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. "அது சின்னப் புள்ளைங்க படம் ஆன்ட்டி. ரோலர்தான் இப்ப என் ஃபேவரிட்."

டேவிட் சங்கடமாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, கோபம் வந்தது, ஒரு வருஷத் தூக்கத்தைத் திருப்பிக் கொடு என்று அவளிடம் கேட்க வேண்டும்போலவும் இருந்தது. மேலே ஆபரேட்டர் தயாராக இருந்தான்.

"உங்களுக்கு எது ஆன்ட்டி புடிக்கும்?" என்று கேட்டாள்.

"குடை" என்றேன்.

"இன்னுமா?" என்றாள்.